சார்ல்ஸ் டிக்கன்ஸும் அவர் மறைத்த நினைவும்

ஆங்கில நாவல்களைப் பயில்வாருள் சார்ல்ஸ் டிக்கன்ஸின் பெயரைக் கேளாதார் இலர். தாம் இயற்றிய நூல்கள் யாவற்றுள்ளும் ‘டேவிட் காப்பர்பீல்டு’ என்னும் நாவலையே அவர் தம் செல்லக் குழந்தையாகப் போற்றினார். அதற்குத் தக்க காரணம் உண்டு. பெற்ற மக்களுக்கும் உரையாது அவர் மறைத்து வைத்திருந்த இளமைத் துன்பமொன்று அந்நாவலில் உருமாறி நிற்கின்றது. அத்துன்பம் கதையான வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஜான் டிக்கன்ஸ், கடற்படையினர்க்குச் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் எழுத்தராயிருந்தார். இன்சொல்லும் விருந்தோம்பலும் உடையவர்; ஆயின், வரவறிந்து செலவிட அறியாதவர். சாத்தம் நகரில் வாழ்ந்த காலத்தில் சிறுவர் சார்ல்ஸ் தந்தையாரின் நூல்களுள் ‘ராபின்சன் குரூசோ’, ‘டான் குவிக்ஸோட்’, அராபியக் கதைகள் முதலியவற்றை ஆவலோடு படித்தார். 1822இல் குடும்பம் இலண்டன் மாநகரை அடைந்தது. அங்குக் கடன் பெருகிற்று. அந்நூல்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. அவற்றைக் கடைக்குச் சுமந்து சென்றவரும் அச்சிறுவரே.

1824ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயது நிரம்பிய அளவில், உறவினர் ஒருவர் வாயிலாக அவர் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். தேம்ஸ் நதிக்கரையில் ஹங்கர்போர்டு படித்துறையை அடுத்திருந்த பழங்கட்டடம் அது. பாதரட்சைகளுக்குப் பளபளப்பூட்டும் கரிய மையை அங்குச் செய்து விற்றனர். எலிகள் திரியும் அவ்விடத்தில் அமர்ந்து, மைச்சாடிகளின் வாயைக் காகிதத்தால் மூடி, நூலால் கட்டி, மேலே பெயர்ச்சீட்டு ஒட்டுவதே அவர் தொழில். கூலி வாரத்திற்கு ஆறேழு ஷில்லிங். சில நாட்களுக்குள் தந்தையார் கடனுக்காக மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர்த் தாயாரும் இளைய மக்களும் அச்சிறையிலேயே சென்று தங்க, சார்ல்ஸ் மட்டும் வெளியே தனித்து உறைந்தார். தமக்கை பானியோ இராஜாங்க இசைக் கழகத்தில் பயின்று பரிசு பெற்றார். அவ்விழாவைக் கண்ட தம்பி, தமக்கையிடத்துப் பொறாமை கொள்ளவில்லை. தமக்குக் கல்வி இல்லாது போயிற்றே என்றெண்ணி அன்றிரவு அழுதார்.

அத்தொழிற்சாலையில் பாப் பேகின் என்னும் சிறுவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் சார்ல்ஸுக்கு விலாவில் கடும் நோவு கண்டது. பாப், வெறும் மைப்புட்டிகளில் வெந்நீர் நிரப்பி அரைநாள் வரை ஒற்றடமிட்டான். மாலையில் தனியே விட மனமின்றி வீடுவரை துணை வருவேன் என்று உடன் புறப்பட்டான். தந்தை சிறையிலிருப்பதை அவன் அறிதலாகாதே! பலவாறு முயன்றும் அவன் பிரியவில்லை. ஈற்றில் சௌத்வார்க் பாலத்தருகே யாரோ ஒருவர் வீட்டுப் படியில் நின்று, இதுவே என் வீடு என்று சொல்லிச் சார்ல்ஸ் விடை கொடுத்தார். பாப் திரும்பி நோக்கினால் ஐயுறுவானே என்று கதவையும் தட்டினார். திறந்த பெண்மணியிடம் பேகின் என்பார் வீடு இதுதானோ என்று வினவி நீங்கினார். இந்நிகழ்ச்சியைப் படிப்பார்க்கு நகையும் அழுகையும் ஒருங்கே தோன்றும்.

அவ்வாண்டு மே மாதத்தில் தந்தையார் விடுதலை பெற்றார். மகனுக்கோ விடுதலை வரவில்லை. தொழிற்சாலை வேறு தெருவுக்கு மாற, சிறுவர்கள் சாளரத்தருகே அமர்ந்து வேலை செய்வதை வழிப்போக்கர் நின்று வேடிக்கை பார்த்தனர். பின்னர், தந்தையார் அவ்வுறவினரோடு பிணங்கி மகனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். தாயாரோ பிணக்கைத் தீர்த்து மகனை மீண்டும் அங்கு அனுப்பவே முயன்றார். தந்தையார் அதற்கு இசையாது பள்ளிக்கு அனுப்பினார். தாயார் அன்று கொண்ட அவ்வெண்ணத்தை டிக்கன்ஸ் என்றும் மறந்தாரல்லர். அவ்விடத்தில் எத்தனை திங்கள் கழிந்தன என்பதைப் பிற்காலத்தில் அவராலேயே கூற இயலவில்லை. அதன்பின் அப்பேச்சை அவ்வீட்டில் எவரும் எடுத்திலர்.

ஆண்டுகள் உருண்டன. வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகவும், சுருக்கெழுத்து நிருபராகவும் இருந்த டிக்கன்ஸ், 1836இல் தொடங்கிய ‘பிக்விக்’ கதையால் பெரும்புகழ் எய்தினார். ஆயினும், அவ்விடத்தைக் கடந்து செல்லவும் அவர் நெடுங்காலம் அஞ்சினார். 1847இல் அவர் நண்பர் பார்ஸ்டர், தமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் ஸ்டிராண்டு வீதியருகே ஒரு பண்டசாலையில் சிறுவர் டிக்கன்ஸைக் கண்டு அரைக் கிரவுன் நாணயம் அளித்ததாகக் கூறியதைத் தற்செயலாக வினவினார். டிக்கன்ஸ் சில நிமிடங்கள் வாய் திறவாதிருந்தார். சில வாரங்களுக்குப் பின்னரே முழு வரலாற்றையும் நண்பருக்கு வெளிப்படுத்தினார். தம் இளமை வரலாற்றைத் தாமே எழுதவும் முயன்றார், அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. உண்மையை உள்ளவாறே எழுதுங்கால் அவர் கை தளர்ந்தது போலும்!

அந்நிலையில் புதிய நாவலைக் கதைத்தலைவனே தன் வரலாற்றைக் கூறுவதாக அமைக்கலாம் என்று பார்ஸ்டர் குறிப்பிட்டார். 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதந்தோறும் ‘டேவிட் காப்பர்பீல்டு’ வெளிவந்தது. முடிவுறாத தன்வரலாற்றின் பகுதிகள் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் அந்நாவலின் பதினோராம் அதிகாரத்தில் புகுந்தன. ஆயினும், அவர் மாற்றியவற்றையே நாம் உற்று நோக்கல் வேண்டும். மைச்சாடி மதுப்புட்டியாயிற்று. டேவிட்டைத் தொழிலுக்கு அனுப்புபவர் பெற்றோர் அல்லர். கொடிய மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டன். பெற்ற தந்தை அவன் பிறக்குமுன்பே இறந்தவர். தாய் மென்மையே உருவானவள், அவளும் இளமையில் மாண்டவள். இவ்வாறு தம் பெற்றோரைப் பழியினின்றும் விலக்கினார் ஆசிரியர். தந்தையின் கடனும் சிறையும், ஆரவாரப் பேச்சும் தளராத நம்பிக்கையும் மிக்காபர் என்பாரிடம் சேர்ந்தன. மிக்காபரை வெறுப்பார் உலகில் யார்? வாழ்வில் மன்னிக்க அரியதைக் கதையில் மன்னிக்க அவருக்கு இயன்றது. தந்தையார் ஜான் டிக்கன்ஸ் நாவல் முற்றுப்பெற்ற பின்னரே, 1851இல் காலமானார்.

ஆனால், ஒரு கடன் தீரவில்லை. ஒற்றடமிட்ட பாப்பின் பெயரை டிக்கன்ஸ் முன்னரே ‘ஆலிவர் டுவிஸ்ட்’ நாவலில் சிறுவரைத் திருடராக்கும் கயவன் ஒருவனுக்கு இட்டுவிட்டார். அன்பு செய்தவனே, தாம் இழிவெனக் கருதிய இடத்தை நினைவூட்டுபவனாகவும் ஆனான் போலும். கலைஞரின் நினைவு எப்போதும் நீதி வழங்குவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

1869ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தினர் கூடி, சொற்களை வரிசையாக நினைவிற்கொண்டு கூறும் விளையாட்டொன்று ஆடினர். டிக்கன்ஸின் முறை வந்தபோது அவர் ஒரு மைக்கம்பெனியின் பெயரையும் தெருவையும் கூறினார். மக்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 9ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னர்ப் பார்ஸ்டர் எழுதிய வரலாற்று நூல் வெளிவந்தபோதே மக்களும் உலகமும் உண்மையை உணர்ந்தனர். அதற்கு முன் டேவிட்டுக்காகக் கண்ணீர் விட்டோர் அதனைக் கற்பனையென்றே எண்ணியிருந்தனர்.

எழுதப் புகும் மாணவ நண்பர்களே! துன்ப நினைவு யாவர்க்கும் உண்டு. அதனை நண்பர் ஒருவர்க்கு உரைக்கவும் நாணிய ஒருவர், வேறொரு சிறுவனுக்கு நேர்ந்ததாகச் சொல்லத் துணிந்தபோது உலகோர் அனைவர்க்கும் உரைத்தார். சாடிக்குப் பதில் புட்டி வந்ததேயன்றி, அதன்மேல் சீட்டொட்டிய சிறுகையின் நடுக்கம் சிறிதும் மாறவில்லை. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதை அறிதற்கு அந்நாவலின் அவ்வதிகாரத்தை ஒருமுறையேனும் படித்தல் நமக்குப் பெரும்பயன் தருவதாகும்.