பிரித்துப் பார்த்துக் கற்றவர்

கோல சிலாங்கூரிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வழியாகச் செல்லும் சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். அங்குள்ள வீடுகளில் மாலை நேரத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வீட்டின் முன்புறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் பிரிக்கப்பட்டு நிற்கும். பக்கத்தில் விரித்த பழைய செய்தித்தாளின்மேல் ஆணிகளும் மரைகளும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கும். தந்தையோ அண்ணனோ குந்தி உட்கார்ந்து இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அருகில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, எந்த ஆணி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டறை வேலையைப் பலர் இப்படித்தான் கற்கத் தொடங்குகிறார்கள்.

நூறாண்டுக்கு முன்னர் ஓர் இளைஞர், கைவிளக்கைப் பிடிக்கக்கூட ஆள் இல்லாமல், தம் வாழ்நாளின் முதல் மோட்டார் சைக்கிளைத் தனியாகப் பிரித்துப் போட்டார். அவர்தான் பின்னாளில் ஜி. டி. நாயுடு என்று உலகறிந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு.

நாயுடு 23 மார்ச் 1893இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் சொல்வதைத் திரும்பச் சொல்லும் படிப்பில் அவர் மனம் நிற்கவில்லை. குறும்பும் அதிகம். தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்காமல் வெளியேறி, தந்தையின் நிலத்தில் வேலை செய்தார். ஆனால், படிப்பை விட்டார் என்று சொல்வது பொருந்தாது. தமிழ் நூல்களைத் தாமே தேடிப் படித்தார். வாசிப்புப் பழக்கம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

ஒருநாள் அவ்வழியே ஆங்கிலேய வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டியை நாயுடு அதற்குமுன் பார்த்ததில்லை. அது ரட்ஜ் என்னும் வண்டி. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் அந்த நிறுவனம் மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கியதே 1911இல்தான். எனவே, உலகுக்கே அது புதிய பொருள். நாயுடுவுக்கு அதை ஓட்டிப் பார்க்கும் ஆசையைவிட, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையே பெரிதாக இருந்தது.

கையில் பணமில்லை. அவர் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை பிறர் எச்சில் இலை கிடக்கும் இடத்தில் வேலை செய்வதை ஊரார் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. சில ஆண்டுகள் சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. அதை அக்கு அக்காகப் பிரித்தார். பல ஆண்டு உழைப்பின் மொத்தச் சேமிப்பும் அந்தத் துண்டுகளில்தான் இருந்தது. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் மிஞ்சுவது பழைய இரும்புதான். பக்கத்தில் கேட்க ஆளில்லை. தமிழில் வழிகாட்டி நூலும் இல்லை.

அக்காலத்து மோட்டார் சைக்கிளைப் பிரிப்பதில் இருந்த இடர் என்ன என்பதைச் சற்று விளக்கிப் பார்க்க வேண்டும். அதில் மின்கலம் இல்லை. மேக்னெட்டோ என்னும் கருவி, காந்தத்தின் துணையால் தானே மின்பொறியை உண்டாக்கும். உந்துதண்டு உருளையின் உச்சியை நெருங்கும் நேரத்தில் அந்தப் பொறி தோன்ற வேண்டும். பூட்டும்போது பற்சக்கரம் ஒரு பல் தள்ளி அமர்ந்துவிட்டால், இயந்திரம் உயிர் பெறாது. அல்லது திருப்பியடித்து ஓட்டுநரின் காலைப் பதம் பார்த்துவிடும். எரிபொருள் உள்ளே வரவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் வால்வுகளுக்கும் அவற்றைத் தள்ளித் திறக்கும் உறுப்புகளுக்கும் இடையில் மயிரிழை அளவு இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் சத்தம். குறைந்தால் வால்வு கருகும். அந்நாளில் மசகெண்ணெயைக்கூட ஓட்டுநரே கைப்பம்பினால் அவ்வப்போது இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டியிருந்தது. மறந்தால் உந்துதண்டு உருளையோடு இறுகிவிடும்.

இன்றைய கப்சாய் வண்டிகளிலும் இதே கணக்குதான். ஹோண்டா இஎக்ஸ்5 இயந்திரத்தின் மேற்பகுதியைத் திறந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பறப்புச் சக்கரத்தில் உள்ள டி குறியும், மேலே உள்ள பற்சக்கரத்தின் குறியும் உரிய இடத்தில் நேர்ப்பட்ட பிறகே சங்கிலியை மாட்டுவார்கள். நேர்ப்படாமல் மாட்டிவிட்டு நாள் முழுதும் உதைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இன்று சந்தேகம் வந்தால் கைப்பேசியில் ஒரு காணொளியைத் தேடலாம். நாயுடு அந்தக் கணக்கைத் தம் கண்ணாலும் விரலாலும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வண்டி மீண்டும் ஓடியது. நாயுடுவும் அதன்பின் ஒரு மெக்கானிக் ஆனார்.

அதே ஆண்டுகளில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். அந்த ரப்பருக்கு விலை ஏறியதே மோட்டார் வண்டிகளின் சக்கரங்களுக்காகத்தான். உலகின் ரப்பரில் பெரும்பங்கை அன்று மலாயா விளைவித்தது. சீவியவர்களில் பெரும்பாலோருக்கு மோட்டார் சைக்கிள் என்பது துரை ஏறிவரும் வண்டி. தாங்கள் தொடக்கூடிய பொருளன்று. கோயம்புத்தூர் இளைஞர் ஒருவர் அதைத் தொட்டுப் பிரித்ததன் துணிச்சல் இங்கிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நாயுடுவின் வளர்ச்சி நேர்க்கோட்டில் செல்லவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பிறகு பம்பாய்ப் பஞ்சு வாணிகத்தில் அதை இழந்தார். கைவிட்டுப் போகாமல் எஞ்சியது இயந்திர அறிவு ஒன்றுதான். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அந்த அறிவை மதித்தார். அவருடைய உதவியால் ஒரு பேருந்தை வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே; பழுது பார்ப்பவரும் அவரே.

அந்த ஒரு பேருந்திலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம் உருவானது. 1930களில் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. பேருந்து நடத்துவோருக்கு உண்மையான எதிரி போட்டியாளர் அல்லர். வழியில் நின்றுபோகும் வண்டி. உதிரி உறுப்புகள் கப்பலில் வர வேண்டிய அக்காலத்தில், நின்ற வண்டி பல வாரங்கள் நின்றுகொண்டே இருக்கும். ஆகவே, நாயுடு தம் பட்டறையைப் பெருக்கினார். பழுது பார்க்கும் இடமாக இருந்தது மெல்ல மெல்லப் பொருள் செய்யும் இடமாக மாறியது. ஓர் உறுப்பைப் பலமுறை பழுது பார்த்தவருக்கு, அதை இன்னும் எளிதாகச் செய்யும் வழி தோன்றாமல் இருக்காது.

அதன்பின் அவர் உருவாக்கியவற்றின் பட்டியல் நீளமானது, வியப்பானதும்கூட. உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியன அவற்றுள் சில. 1937இல் தா. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். ஒளிப்படக் கலையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1936இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படம் பிடித்து வந்தார். அதே ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். தோட்டத்தில் பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றை வைத்து ஆய்வுகளும் செய்தார். இத்தனைக்கும் நடுவே அவர் சட்டையில் எண்ணெய்க் கறை படியாத நாள் குறைவாகவே இருந்திருக்கும்.

அவருடைய வாழ்வில் மிகவும் பேச வேண்டிய இடங்கள் இரண்டு. இரண்டிலும் அவர் வெல்லவில்லை.

முதலாவது, கல்வி. 1945இல் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி அமையப் பொருளுதவி செய்தார். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு இடப்பட்டது. பள்ளியை முடிக்காதவர் அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு தேவையில்லை. பட்டறையில் கை வைத்துக் கற்றால் இரண்டே ஆண்டு போதும் என்பது அவர் கருத்து. ஆங்கிலேய அரசு அதை ஏற்கவில்லை. நாயுடு பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய கணக்கு முழுவதும் சரியென்று சொல்ல முடியாது. பாலம் கட்டுபவருக்கும் மின்நிலையம் அமைப்பவருக்கும் வேண்டிய கணிதத்தைப் பட்டறை மட்டும் தந்துவிடாது. ஆனாலும், தேர்வில் சிறந்த மாணவர் திருப்பு முடுக்கியைப் பிடிக்கத் தெரியாமல் நிற்பதைக் கண்டு அவர் பொறுமை இழந்ததில் நியாயம் இருந்தது. அந்தக் கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகிறது.

இரண்டாவது, மகிழுந்து. 1952இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய வண்டியாக அது இருந்திருக்கும். அப்போது இந்தியா விடுதலை பெற்று ஐந்தாண்டு ஆகியிருந்தது. இந்தியர் ஒருவர் செய்த வண்டியை இந்திய அரசு வரவேற்கும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால், தயாரிப்பதற்கான உரிமம் கிடைக்கவில்லை, பணி நின்றுபோனது. அந்நிய ஆட்சியில் கிடைத்த மறுப்பைவிட இது அவருக்கு ஆழமாக வலித்திருக்க வேண்டும். பிரித்தால் பூட்டத் தெரிந்தவருக்கு, பூட்டி முடித்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வழியில்லாமல் போயிற்று.

இருப்பினும் பட்டறைகள் மூடப்படவில்லை. அவரிடமும் அவர் சார்ந்த தொழிற்சாலைகளிலும் வேலை கற்றவர்கள் கோயம்புத்தூரெங்கும் சிறு சிறு பட்டறைகளைத் தொடங்கினார்கள். பலவற்றின் முகவரி ஒரு வீட்டின் முன்கூடமாகவோ பின்கட்டாகவோ இருந்தது. மின்மோட்டாருக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் இன்று பெயர் பெற்று விளங்குவதில் அப்பட்டறைகளுக்குப் பெரும் பங்குண்டு.

நாயுடு 4 ஜனவரி 1974இல் தம் எண்பதாவது வயதில் காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரால் இயங்கும் அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளும் பழைய வண்டிகளும் வைக்கப்பட்டுள்ளன. அங்கு வரும் பள்ளி மாணவர்கள் கண்ணாடிக்குள் இருக்கும் இயந்திரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள்.