பெட்டிக்குள் மனிதர்!

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா குட்டீஸ்? அந்த பிஸ்கட்டில் எத்தனை கலோரி என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம்தான் ஒரு கலோரி. உணவுக்கு இந்தக் கணக்கைப் போட வழி காட்டியவர் வில்பர் ஆலின் அட்வாட்டர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1844-ம் ஆண்டு மே 3-ந் தேதி அட்வாட்டர் பிறந்தார். மக்காச்சோளத்தில் உள்ள சத்துக்களை ஆராய்ந்து, 1869-ல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று மேலும் படித்தார்.

ஏழைத் தொழிலாளர்கள் குறைந்த காசில் தெம்பு தரும் உணவைச் சாப்பிட வேண்டும் என்பது அவரது ஆசை. அதற்கு, எந்த உணவு எவ்வளவு சக்தி தரும் என்று தெரிய வேண்டுமே!

உணவை எரித்தால் அதிலுள்ள மொத்த வெப்பத்தை அளந்து விடலாம். ஆனால், சாப்பிட்டது எல்லாம் உடம்பில் சேர்வதில்லை. மலமாகவும் சிறுநீராகவும் கொஞ்சம் வெளியேறி விடுகிறது. அதைக் கழித்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும்.

எனவே, 1890-களில் மிடில்டவுன் நகரின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், எட்வர்ட் ரோசா என்ற இயற்பியல் அறிஞருடன் சேர்ந்து ஓர் அறையை உருவாக்கினார். சுமார் 7 அடி நீளம், 4 அடி அகலம்தான். பெரிய பெட்டி போல இருக்கும். அதற்குள் ஒருவர் பல நாட்கள் தங்குவார். சாப்பிடுவார், தூங்குவார், சைக்கிள் மிதிப்பார். அவர் உடம்பிலிருந்து வரும் வெப்பம், மூச்சுக்காற்று, கழிவு எல்லாவற்றையும் வெளியே இருந்தபடி அளந்தார்கள்.

இப்படிப் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்தவைதான் இந்த எண்கள்: ஒரு கிராம் புரதம் 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி, மாவுச்சத்து 4 கலோரி. இன்றும் உலகம் முழுவதும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால், பெரிய விஞ்ஞானியும் தவறலாம். காய்கறி, பழங்களில் கலோரி குறைவு. அதனால், ஏழைகள் அவற்றுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்று அட்வாட்டர் நினைத்தார். வைட்டமின்களைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. நார்ச்சத்தின் அருமையும் தெரியாது. மாவுச்சத்தோடு சேர்த்தே அதைக் கணக்கிட்டார்கள்.

1904-ல் பக்கவாதத்தால் படுத்த அட்வாட்டர், 1907-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி காலமானார். அவர் தொடங்கிய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்.

ஓட்ஸ், பீன்ஸ், ஆப்பிள் ஆகியவற்றில் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து உள்ளது. இதை நம் குடலால் செரிக்க முடியாது. ஆனால், பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இதைப் புளிக்க வைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றிலிருந்து நமக்குக் கொஞ்சம் சக்தி கிடைக்கிறது. அதனால், இந்த நார்ச்சத்துக்கு கிராமுக்கு 4 அல்ல, 2 கலோரி என்று 2016-ல் அமெரிக்க அரசு விதி வகுத்தது.

கலோரி குறைவு என்பதற்காக எந்த உணவையும் ஒதுக்கி விடாதீர்கள் குட்டீஸ். காய்கறிகளைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்!