மண் களத்திலிருந்து ஹெல்சிங்கி வரை

மல்யுத்தம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் வரும் ஆறடி உயர மனிதர்கள்தாம். ஆனால், சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்த மல்யுத்த வீரர் குள்ளமானவர், ஒல்லியானவர். அவர் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ்.

1926ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, மகாராஷ்டிராவின் கராட் நகருக்கு அருகிலுள்ள கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை தாதாசாகேப்பும் மல்யுத்த வீரர். ஐந்து வயதிலேயே மகனை அவர் களத்தில் இறக்கிவிட்டார். களம் என்றால் இன்று நாம் பார்க்கும் மெத்தை அன்று. கொத்திப் பதப்படுத்திய மண். அந்த மண்ணில் விழுந்து எழுந்துதான் பிடிகளைக் கற்றான் அந்தச் சிறுவன்.

கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருடைய உடல்வாகைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் ஆண்டுப் போட்டியில் பெயர் சேர்க்க மறுத்துவிட்டார். ஜாதவ் நேராகக் கல்லூரி முதல்வர் கர்டிகரிடம் போய் அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. தம்மைவிடப் பெரிய உடம்புக்காரர்களை வீழ்த்தினார். (சின்ன உடம்புக்கு மல்யுத்தம் ஆகாது என்று நினைக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. எடைப் பிரிவுகள் இருப்பதே அதற்காகத்தான்.)

1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குச் செல்ல கோலாப்பூர் மகாராஜா பணம் கொடுத்தார். மண்ணில் பழகிய கால்களுக்கு மெத்தை புதிது, அனைத்துலக விதிமுறைகளும் புதிது. அப்படியிருந்தும் 52 கிலோ பிரிவில் ஆறாவதாக வந்தார். என்னைக் கேட்டால், வெண்கலத்தைவிட இந்த ஆறாம் இடம்தான் பெரிய வியப்பு. தமக்கு என்ன குறை என்பதை அங்கே தெரிந்துகொண்டு ஊர் திரும்பியவர், அடுத்த நான்கு ஆண்டுகளும் அதற்காகவே உழைத்தார்.

1952இல் ஹெல்சிங்கி. முதலில் தேர்வில் அவர் பெயர் இல்லை. பட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டு, மறுபோட்டியில் வென்று இடம்பிடித்தார். அடுத்த கவலை பயணச் செலவு. கிராமத்தார் வீடு வீடாகத் திரட்டிய பணம் போதவில்லை. கர்டிகர் தம் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். பெற்ற பிள்ளைக்கே இப்படிச் செய்யத் தயங்குவோர் இருக்கும் உலகம் இது. அவரோ மாணவனுக்காகச் செய்தார்.

இம்முறை 57 கிலோ பிரிவு. கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்றார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷியுடன் நீண்ட நேரம் மோதித் தோற்றார். தங்கம் வென்றவர் அந்த இஷிதான். களைப்பு தீருமுன்னே சோவியத் வீரர் மம்மத்பெயோவுடன் மோத அழைத்துவிட்டார்கள். இரு போட்டிகளுக்கு இடையே ஓய்வு தர வேண்டும் என்று விதி இருந்தும், அதை எடுத்துச் சொல்ல இந்திய அதிகாரி எவரும் பக்கத்தில் இல்லை என்பார்கள். அதிலும் தோல்வி. வெண்கலம் கையில் வந்தது.

ஊர் திரும்பியபோது நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அவரை அழைத்துச் சென்றன. கொண்டாட்டம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் வேலை மல்யுத்தப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டியதுதான். அந்தப் பணத்தில் முதல்வரின் வீடு மீட்கப்பட்டது.

1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். ஓய்வுக்குப் பின் ஓய்வூதியத்துக்கே அலைய வேண்டியிருந்தது. 1984 ஆகஸ்ட் 14ஆம் தேதி சாலை விபத்தில் காலமானார். அர்ஜுனா விருது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது. 2010இல் டெல்லியிலுள்ள மல்யுத்த அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அவருக்குப் பிறகு இந்தியர் ஒருவர் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் பெற 44 ஆண்டுகள் ஆயின. 1996இல் டென்னிசில் லியாண்டர் பயஸ் பெற்றார், அதுவும் வெண்கலம்தான்.