கணக்கறிந்த தாதி: புளோரன்ஸ் நைட்டிங்கேல்

மாணவர்களே, கூட்டலும் வகுத்தலும் பரீட்சையோடு முடிந்துவிடும், வளர்ந்த பின் அவை எதற்கு என்று எண்ணுகிறீர்களா? அப்படியாயின், 'விளக்கேந்திய சீமாட்டி' எனப் புகழப்பட்ட நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வை அறிந்துகொள்ளுங்கள்.

அம்மையார் 1820 மே 12 ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையார் வீட்டிலேயே கல்வி புகட்டினார். கணிதத்தில் அவருக்கு மிகுந்த விருப்பம் இருந்தது. குடும்பத்தவரின் எதிர்ப்பையும் மீறி, 1851 இல் ஜேர்மனியில் தாதிப் பயிற்சி பெற்றார்.

கிரைமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அங்கே அழுக்கும் நெரிசலும் நிறைந்திருந்தன. கழிவு வாய்க்கால்கள் அடைபட்டிருந்தன. நோயாளரின் உணவையும் துணிகளையும் அம்மையார் சீர்செய்தார். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் வாய்க்கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழி செய்தனர்.

1856 இல் நாடு திரும்பிய அம்மையார், வீரர்கள் ஏன் இறந்தனர் என்பதைக் கணக்கிட முனைந்தார். புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் அவருக்குத் துணைநின்றார். 1855 ஜனவரியில் அப்போர்முனையில் இருந்த பிரித்தானியப் படையினர் 32,393 பேர். அம்மாதம் நோயால் 2,761 பேரும், காயத்தால் 83 பேரும், பிற காரணங்களால் 324 பேரும் இறந்தனர். மொத்தம் 3,168. நீங்களே வகுத்துப் பாருங்கள்: இறந்த 100 பேரில் 87 பேரைக் கொன்றது நோய். காயத்தால் இறந்தோர் 3 பேருக்கும் குறைவு.

1856 ஜனவரியில் படையினர் 44,212 பேர். இறந்தோர் 90 பேர். ஆயிரம் பேருக்கு 98 ஆக இருந்த மாத இறப்பு 2 ஆகக் குறைந்தது. சண்டை ஓய்ந்தது மட்டும்தான் காரணமா? இல்லை. முன்னைய ஜனவரியிலும் காயத்தால் இறந்தோர் 83 பேரே. குறைந்தது நோய்.

ஆட்சியாளருக்கு எளிதில் விளங்கும்படி, இக்கணக்கை 1858 இல் வண்ண வட்ட வரைபடங்களாக வெளியிட்டார். இராணுவச் சுகாதாரம் சீர்திருந்த அது உதவியது. அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1860 இல் இலண்டனில் தாதியர் பயிற்சிப் பாடசாலையை நிறுவினார். 1910 ஆகஸ்ட் 13 இல், 90 ஆவது வயதில் காலமானார்.

மாணவர்களே, அம்மையார் பயன்படுத்தியவை நீங்கள் அறிந்த கூட்டலும் வகுத்தலுமே. இன்று கையடக்கத் தொலைபேசி நொடியில் வகுத்துத் தரும். ஆனால் எதனை எதனால் வகுக்க வேண்டும் என்பதை நீங்களே அறிந்திருக்க வேண்டும். கடனுக்கு வட்டி, கடையில் விலைக்கழிவு, பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு ஆகிய யாவற்றிலும் அந்த அறிவே உங்களைக் காக்கும்.

பயிற்சி
1. 1856 ஜனவரியில் இறந்த 90 பேரில் 42 பேர் நோயால் இறந்தனர். இது எத்தனை சதவீதம்?
2. இரு ஆண்டுகளின் இறப்புகளை ஒப்பிட, படையினரின் மொத்தத் தொகையும் ஏன் தேவை?