கால்பந்து வாத்தியார் ரஹீம்

குட்டீஸ்! காரைக்குடி பக்கம் செம்மண் மைதானத்தில் சாயங்காலம் வெறுங்காலோடு பந்து உதைப்பீர்கள், இல்லையா? ஒரு காலத்தில் நம் இந்திய அணி ஒலிம்பிக்கிலேயே அப்படித்தான் ஆடியது. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!

அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் கால்பந்து ஆடியவர். ஆசிரியராக வேலை பார்த்த இவர், 1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி தொடர்ந்து 5 வருடம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

இவர் நடத்திய போட்டிகள் வேடிக்கையானவை. ஒன்றில், பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது; வந்தவுடன் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில், பழக்கமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கலாம். வலது கால்காரர் இடது காலால் தடுமாறுவதை நினைத்துப் பாருங்கள்! நாளைக்கு நீங்களும் ஆடிப் பாருங்களேன்.

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீமின் அணி தங்கம் வென்றது. அடுத்த வருடமே பெரிய அடி. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிவிட்டது. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடானது இந்தியா.

1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்ட வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து, தையல் போட்டார்கள். அவரை உட்கார வைக்காமல், கோல் அடிக்கும் முன்வரிசைக்கு மாற்றினார் ரஹீம். துணிச்சல்தான்!

செப்டம்பர் 4-ல் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் அரங்கமே நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் காத்தவர், மதராஸ் ராணுவப் பிரிவு அணியில் ஆடிய பீட்டர் தங்கராஜ். பி.கே.பானர்ஜி ஒரு கோல் போட்டார். இன்னொன்றைப் போட்டது யார் தெரியுமா? தலையில் கட்டோடு நின்ற அதே ஜர்னைல் சிங்! 2-1, தங்கம் நமக்கே.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல் நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் இறந்தார். வயது 53. ஆசியப் போட்டியின் கால்பந்தில் இந்தியா கடைசியாக வென்ற தங்கம் ஜகார்த்தாவில் வாங்கியதுதான்.