இரு எல்லைகள் வகுத்த இராமச்சந்திரன்

பெரியோரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்கள் பெற்ற பட்டங்களையும் பரிசுகளையும் முதலில் அடுக்குவது வழக்கம். நான் இரண்டு எண்களிலிருந்து தொடங்க விரும்புகிறேன். 3.2 என்பது ஒன்று, 3.0 என்பது மற்றொன்று. ஒன்றோடொன்று பிணைக்கப்படாத இரண்டு கார்பன் அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கி நிற்கலாம் என்பதற்கு ஆங்ஸ்ட்ராம் அளவில் வகுக்கப்பட்ட எல்லைகள் இவை. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம். இத்துணைச் சிறு வேறுபாட்டில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு மனிதரின் பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அந்த மனிதர்தாம் ஜி. என். இராமச்சந்திரன்.

1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆதலின் கணக்கு என்பது அந்த வீட்டில் விளையாட்டுப் போலவே பழகியிருந்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்குச் சென்றார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் அங்கே சர் சி. வி. ராமன் இருந்தார். இளைஞரின் மனம் பௌதிகத்திலேயே ஊன்றியிருப்பதைக் கண்ட ராமன், அவரைத் தம் துறைக்கே அழைத்துக் கொண்டார். படிகங்களையும் ஒளியையும் பற்றிய ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் காவெண்டிஷ் ஆராய்ச்சிச் சாலையில் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக் கழகம் அவரைப் பௌதிகத் துறைத் தலைவராக அழைத்தது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். அழைக்கப்பட்டவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை! கிண்டியில் ஆராய்ச்சிச் சாலையைப் புதிதாக அமைத்துக் கொண்டிருந்த வேளையில், ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை இன்னும் எவரும் சரியாகக் காணவில்லை என்று அவர் பேச்சுவாக்கில் தெரிவித்தார். நம் தோல், எலும்பு, தசைநார் யாவற்றிலும் நிறைந்திருக்கும் புரதம் அது. இராமச்சந்திரன் அதனைப் பற்றிக் கொண்டார்.

கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆராய்ச்சியாளர் துணை நின்றார். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் வைத்துப் படம் எடுத்தனர். அப்படத்தின் புள்ளிகளுக்கும், கொலாஜனின் அமினோ அமிலங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின் என்னும் இரசாயன உண்மைக்கும் ஒருங்கே பொருந்தும் வடிவம் எது என்று தேடினர். 1954-ல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த வடிவத்தையும், 1955-ல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொள்ளும் வடிவத்தையும் வெளியிட்டனர். நம் ஊரில் கயிறு திரிப்பவர்கள் அறிந்த செய்திதான் இது. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கம் முறுக்கேறும். புரிகள் சேரும்போது கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கேறும். கொலாஜனும் அத்தகைய முப்புரிக் கயிறே. கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறுகல். கிளைசினைத் தவிர வேறு எதுவும் அங்கே நுழையாது. ஆகவேதான் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக அமைந்திருக்கிறது.

இங்கேதான் சோதனை வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-லேயே ஒரு திருத்தத்தை வெளியிட்டனர். முப்புரி வடிவம் சரியே. ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இரா, ஒன்றே இருக்கும் என்பது அவர்கள் வாதம். கிரிக்கோ இரண்டாண்டுகளுக்கு முன்புதான் டி.என்.ஏ. அமைப்பைக் கண்டு உலகப் புகழ் எய்தியவர். அவர் சொல்லுக்கு இருந்த எடை கிண்டியிலிருந்து எழுந்த குரலுக்கு எப்படி இருக்கும்?

நம்மில் பெரும்பாலோர் இவ்விடத்தில் என்ன செய்திருப்போம்? அடங்கியிருப்போம், அல்லது வெகுண்டிருப்போம். இராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். அளவுக்கு மீறிய நெருக்கம் என்றால், அந்த அளவு எது? அதை வகுத்தவர் யார்? எதை அளந்து வகுத்தார்?

விடையை அவரே தேடினார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் உடன் உழைத்தனர். அதுவரை அமைப்புக் காணப்பட்ட படிகங்களின் அளவுகளைத் தொகுத்து, எந்த அணுவும் எந்த அணுவும் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்த்தனர். அவ்வாறு பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. இயற்கை ஒரே கோட்டைக் கிழித்துவிட்டு நிற்கவில்லை. பெரும்பாலும் காணும் நெருக்கம் ஒன்று. அருகியே காணும் நெருக்கம் வேறொன்று. ஆகவே அவர்கள் இரண்டு எல்லைகளை வகுத்தனர். இயல்பான எல்லை ஒன்று, கடைசி எல்லை ஒன்று. கார்பனும் கார்பனும் 3.2, 3.0, கார்பனும் ஆக்சிஜனும் 2.8, 2.7, ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் 2.0, 1.9.

பிறகு அந்த எல்லைகளைப் புரதச் சங்கிலியின் மீது வைத்தனர். சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்களை ஃபை, ஸை என்பர். இரு கோணங்களையும் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதிக் கொள்கின்றனவா என்று கணக்கிட்டனர். இன்றைய கணிப்பொறிகள் இல்லாத காலம். மேசைக் கணக்கு இயந்திரத்தில் செய்த வேலை! 1963-ல் அப்படம் வெளிவந்தது. ஃபை ஒரு பக்கம், ஸை ஒரு பக்கம். நடுவே கடலில் தீவுகள் போல அனுமதி பெற்ற இடங்கள். கடைசி எல்லை வரை இடம் கொடுத்தாலும் படத்தில் கால் பங்குக்கும் குறைவான பரப்பே தேறுகிறது. கிளைசினுக்கு மட்டும் பக்கக் கிளை இல்லாமையால் பரப்பு மிகுதி. இயல்பான எல்லையில் இடம் பெறாத இடமுறுக்குச் சுருள், கடைசி எல்லையில் ஒரு சிறு தீவாகத் தலை காட்டுகிறது. 0.1, 0.2 ஆங்ஸ்ட்ராம் வேறுபாடு ஒரு தீவையே எழுப்பி விடுகிறது! பின்னர் அமைப்புக் காணப்பட்ட புரதங்கள் யாவும் பெரும்பாலும் இத்தீவுகளிலேயே வந்து குடியேறின. உலகெங்கும் அது இன்று இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகிறது.

இவ்வரலாற்றை நான் மீண்டும் மீண்டும் எண்ணுவதற்கு என் அன்றாட வேலையே காரணம். இரண்டு புரதங்களின் அமைப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் மென்பொருள்களில் எத்தனையோ அமைப்பெண்கள் உள்ளன. எவ்வளவு தூரத்திற்குள் இருந்தால் இரு அணுக்களைப் பொருந்தியவை என்று கொள்வது என்பதே அவற்றுள் முதன்மையானது. 2005-ல் யாங் ஜாங்கும் ஜெஃப்ரி ஸ்கோல்னிக்கும் வெளியிட்ட டி.எம்.-அலைன் என்னும் மென்பொருளில் அந்தத் தூரம் புரதத்தின் நீளத்தைப் பொறுத்து மாறும். 100 அமினோ அமிலங்கள் உள்ள புரதத்திற்கு ஏறத்தாழ 3.65 ஆங்ஸ்ட்ராம், 300 உள்ளதற்கு ஏறத்தாழ 6.36. ஓர் இணையின் தூரம் இந்த எண்ணுக்குச் சமமானால் அதற்குப் பாதி மதிப்பு. குறையக் குறைய முழு மதிப்பை நெருங்கும். நீளம் எதுவாயினும் ஒரே எண்ணை வைத்தால், தொடர்பே இல்லாத புரதங்கள் பெறும் மதிப்பெண்ணும் நீளத்திற்கேற்ப மாறிவிடும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. மொத்த மதிப்பெண் 0.5-க்கு மேற்பட்டால் இரண்டும் பொதுவாக ஒரே மடிப்பைச் சேர்ந்தவை என்று கொள்கின்றனர்.

மென்பொருளைத் திறந்தவுடன் இந்த எண்கள் தாமே நிரம்பி நிற்கின்றன. நாமும் அவற்றைத் தொடாமல் அடுத்த விசையை அழுத்துகிறோம். எண்ணைப் பெட்டியில் இட்டவர் யார், எதை அளந்து இட்டார், அது சிறிது நகர்ந்தால் நம் முடிவு நிற்குமா விழுமா என்று கேட்பதில்லை. இராமச்சந்திரன் கேட்டது இதையேதான். இரண்டு எல்லைகளை வைத்துக் கணக்கிட்டதனால், எந்த முடிவு உறுதியானது, எந்த முடிவு எல்லையைப் பொறுத்தது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

1971-ல் அவர் பெங்களூரில் மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பிரிவைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவை மீட்டெடுக்கும் கணித முறை ஒன்றை வெளியிட்டார். மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேனில் இருவர் பெயரையும் தாங்கிய வடிகட்டி வழங்குவது அதனால்தான். 1977-ல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1999-ல் படிகவியலாரின் ஈவால்ட் பரிசு கிடைத்தது. முதுமையில் பார்க்கின்சன் நோய் வருத்தியது. 1998-ல் துணைவியாரை இழந்தார். 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை என்று நம்மவர் வருந்துவதுண்டு. வெளியூரில் படிக்கும் நமக்கு அந்த வருத்தம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆயினும் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு பொருளின் படிக அமைப்பு 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் காணப்பட்டபோது, முப்புரி வடிவம் நிலைபெற்றது. ஹைட்ரஜன் பிணைப்பு நேரடியாக ஒன்றே என்பதும் உறுதியாயிற்று. அந்த ஒரு கூற்றில் எதிர்த்தரப்பு வென்றது. அதனால் இராமச்சந்திரன் சிறுத்துப் போனாரா? அந்த வழக்கு எழாதிருந்தால் எல்லைகளை அளந்திருக்க மாட்டார். எல்லைகளை அளக்காதிருந்தால் அந்தப் படம் பிறந்திருக்காது. ஒரு பிணைப்பின் கணக்கைத் தோற்றவர், எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை உலகுக்கு வழங்கிச் சென்றார்.

அவர் படத்திற்கு மாலை இடுவது எளிது, இடுவோம். கூடவே, நாளை ஆராய்ச்சிச் சாலையில் நம் முன் நிற்கும் மென்பொருளின் அமைப்பெண் ஒன்றையேனும் எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்போம். அதனைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் வைத்து, நம் முடிவு நிற்கிறதா என்று சோதிப்போம். கிண்டியில் மேசைக் கணக்கு இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அந்த மூவருக்கும் அதைவிடச் சிறந்த வணக்கம் வேறு உண்டோ?