தேரடி தந்த சிரிப்பு

துறவியர் என்றதும் புன்முறுவல் அறியாத முகமே நம்மிற் பலருடைய மனத்தில் தோன்றும். வழிபாடும் முகத்தை இறுக்கிக்கொண்டு ஆற்றவேண்டிய கடமையாகவே கருதப்படுகிறது. இவ்விரு கருத்தும் தவறென்பதைத் தம் வாழ்வாலேயே நாட்டியவர் கொழும்புத்துறை யோகர் சுவாமிகள்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் மாவிட்டபுரத்தில் அவதரித்தார். இளமையில் வழங்கிய பெயர் சதாசிவம். சிறு வயதிலேயே தாயை இழந்த அவரைக் கொழும்புத்துறையிலிருந்த உறவினர் வளர்த்தனர். கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்த மாமனார் அவரைச் சம்பத்திரிசியார் கல்லூரியிற் படிக்க வைத்தார். ஆகவே, ஒரு சமயத்துச் சூழலிற் பிறந்து, மற்றொரு சமயத்துச் சூழலிற் கல்வி கற்றவர் அவர். 1897ஆம் ஆண்டு சனவரியில் விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றியபோது, கேட்டு உளம் உருகியோருள் இவ்விளைஞரும் ஒருவர் என்பர்.

பின்னர் இரணைமடு நீர்ப்பாசன வேலைத்தலத்திற் களஞ்சியக் காப்பாளராகப் பணியேற்றார். பகலிற் பொருட்களின் வரவு செலவுக் கணக்கு. இரவில் தியானமும் திருமுறை ஓதலும். சம்பளமும் மதிப்பும் உள்ள உத்தியோகம். உற்றாருக்கு அதனினும் மேலான பேறு வேறென்ன வேண்டும்?

அந்த அமைதியைக் கலைத்தவர் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் அமர்ந்திருந்த செல்லப்பா சுவாமிகள். ஒருகாலத்திற் கச்சேரியில் வேலை பார்த்த அவரை ஊரார் விசரரென்றே கொண்டனர். சிறுவர் கேலி செய்தனர். அவரோ தமக்குள் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். 1905ஆம் ஆண்டளவில் அவ்வழியே சென்ற சதாசிவத்தை நோக்கி, நீ யாரென்று அவர் இட்ட அதட்டல் உள்ளத்தை ஊடுருவிற்று. உத்தியோகத்தை உதறிவிட்டு அவர் தேரடியை அடைந்தார். ஊர் விசரரென்று சொன்ன ஒருவருக்காக வாழ்வையே பணயம் வைத்தவரையும் ஊர் அவ்வாறே எண்ணியிருக்கும் என்பதிற் கருத்து வேற்றுமை இராது.

குரு இட்ட பயிற்சியோ விநோதமானது. பக்குவமாகச் சோறும் கறியும் சமைத்து, பசியோடு சீடர் காத்திருக்கும் வேளையிற் பானையை உடைத்துவிடுவாராம். நாவின் ஆசையும் நானென்னும் முனைப்பும் ஒருங்கே சிதறுதற்கு அதனினும் சிறந்த உபதேசம் எதுவோ! அக்கணத்திற் கோபியாமற் சிரிக்கக் கற்றவனே பக்குவமடைந்தவன்.

குரு அருளிய மகாவாக்கியங்கள் நான்கும் மிகச் சிறியவை. தீமை என்று ஒன்றில்லை, ஆகவேண்டியது என்றோ ஆகிவிட்டது, நாம் அறிவதற்கில்லை, உள்ளதெல்லாம் மெய் என்பனவே அவற்றின் கருத்து. சொற்களோ நம் வீட்டுப் பாட்டிமார் துன்பம் வந்தபோது ஆறுதலுக்குச் சொல்லும் எளிய பேச்சு. வேதாந்தத்தின் முடிந்த முடிபை யாழ்ப்பாணத்து அடுக்களை மொழியிலே வைத்தமையே அத்தேரடிப் பரம்பரையின் தனிச்சிறப்பு.

சீடரைக் குரு தம்முடன் நெடுங்காலம் வைத்திருக்கவில்லை, விரட்டிவிட்டார். 1910ஆம் ஆண்டளவிற் சுவாமிகள் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை செய்தார். அதன்பின் கொழும்புத்துறை வீதியோரத்து இலுப்பை மரத்தடியிலும், பின்னர் ஒரு சிறு குடிலிலும் வாழ்ந்தார்.

அக்குடிலுக்கு நீதிபதியும் வந்தார், கமக்காரனும் வந்தான். பரீட்சை, இடமாற்றம், மகளின் கலியாணம் என்று ஒவ்வொருவர் மடியிலும் ஒரு விண்ணப்பம் இருக்கும். சிலரை அன்போடு இருத்தித் தேநீர் கொடுப்பார். சிலரை வாசலிலேயே ஏசி அனுப்புவார். ஏச்சுக்கு அஞ்சி, அவர் எதிரே வரக்கண்டு மற்றப் பக்கம் ஒதுங்கிய பெரிய மனிதரும் உண்டு. ஒருவர் கொண்டுவந்த பழம் அடுத்து வந்தவர் கைக்குப் போய்விடும். கற்பூரம் ஏற்றித் தேவாரம் பாடச் சொல்வார். குரல் நன்றோ தீதோ, பாடியே ஆகவேண்டும். கேட்க வந்ததை மறந்து மனம் இலேசாகித் திரும்பியோர் பலர். பிற சமயத்தாரும் பிற நாட்டாரும் அங்கே வேறுபாடின்றி அமர்ந்தனர். தேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகனே சாந்த சுவாமி என்னும் பெயருடன் அவர் அடியவரானார்.

அவ்வப்போது அவர் பாடியவையே நற்சிந்தனையாகத் திரண்டன. 1935இல் சிவதொண்டன் இதழும், 1953இல் வண்ணார்பண்ணையிற் சிவதொண்டன் நிலையமும் தோன்றின. தியானத்துக்கென அமைந்த அந்நிலையத்திலே சும்மா இருத்தலே தலையாய சாதனை. குழப்படி செய்யும் பிள்ளையை அதட்ட நாம் வழங்கும் சொல்லே யோகத்தின் கொடுமுடியைக் குறித்து நிற்கும் நயத்தை எண்ணுந்தோறும் முறுவல் அரும்பும்.

1961இல் வள்ளி என்னும் தம் பசுவுக்குத் தீனி கொடுக்கச் சென்றவிடத்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தொண்ணூறை அணுகிய வயதிலும், எத்தனையோ அடியவர் சூழ்ந்திருக்கவும், பசுவைப் பேணும் பணியைப் பிறர் கையில் விடாதவர் அவர். அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஆயிலிய நாளிற் சிவபதம் அடைந்தார்.

கோயிலில் மட்டும் கைகூப்பி, கந்தோரிலும் வீட்டிலும் கடுகடுத்திருப்பது நம்மனோர் வழக்கம். பசுவுக்கு இடும் ஒரு பிடி புல்லும், உடைந்த பானையைக் கண்டு தோன்றும் சிரிப்பும் பூசையேயாம் என்று அவர் வாழ்ந்து காட்டினார். கல்லூரியை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்ட பழைய மாணவராகிய நாம் இன்னும் படித்து முடிக்காத பாடம் அதுவே.